பதினோரு மணித் தூக்கம்

அலுவலகத்தில் அவளுக்கு வைத்திருந்த பெயர் பூதக்கண்ணாடி. முகத்துக்கு நேரே யாரும் சொன்னதில்லை. ஆனால் அவள் படியேறி வரும்போது பேச்சு சட்டென்று அடங்கிப்போவதிலிருந்தே அவளுக்குத் தெரியும். யார் வைத்த பெயர் என்பதைக்கூட ஏறக்குறையக் கண்டுபிடித்து வைத்திருந்தாள். அதில் அவளுக்கு வருத்தமில்லை. பார்க்கிற வேலைக்குப் பொருத்தமான பெயர்தான்.

வேலைக்குப் போகிற அம்மாக்கள் குழந்தைகளை விட்டுச்செல்ல, சில பெண்கள் தங்கள் வீட்டிலேயே காப்பகம் நடத்துவார்கள். அரசு அவர்களுக்கு உரிமமும் மானியமும் கொடுக்கும். அப்படி இருபத்தாறு வீடுகள் சேர்ந்த ஒரு கூட்டமைப்பு அவள் பொறுப்பில் இருந்தது. ஒரு வீட்டுக்கு ஆறு குழந்தைகள். ஏழாவது குழந்தை இருந்தால் உரிமம் போய்விடும். அடுப்புக்குத் தடுப்பு இருக்கிறதா, ஜன்னல் கம்பி உறுதியா, மருந்தெல்லாம் எட்டாத உயரத்தில் இருக்கிறதா, குழந்தைகள் நன்றாக இருக்கிறார்களா என்று மாதம் ஒருமுறை போய்ப் பார்த்து எழுத வேண்டும்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவள் இவ்வளவு கெடுபிடி இல்லை. ஒரு வீட்டில் வாய் நிறையச் சிரித்து, நாற்காலி போட்டு, டீ கொடுத்தார்கள். குடித்துவிட்டு ‘எல்லாம் திருப்தி’ என்று எழுதினாள். ஒன்பதாம் நாள் அதே வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தையின் மேல் வெந்நீர்ப் பாத்திரம் கவிழ்ந்தது. அவள் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து கையை நீட்டினால் அந்த அடுப்பைத் தொடலாம். குழந்தை பிழைத்துக்கொண்டது, தோள் முழுக்கத் தழும்போடு. அன்றிலிருந்து அவள் எந்த வீட்டிலும் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடித்ததில்லை. யாராவது அதிகமாகச் சிரித்தால் முதலில் அடுப்பைத்தான் பார்ப்பாள்.

இருபத்தாறு வீடுகளில் அவளுக்கு அதிகம் தலைவலி கொடுக்காத வீடு பெரியம்மாவுடையது. குழந்தைகள் அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு, சந்து முழுக்க அந்தப் பெண்ணைப் பெரியம்மா என்றே சொல்ல ஆரம்பித்துவிட்டது. நாற்பத்தைந்து வயதிருக்கும். கணவர் பஸ் பணிமனையில் மெக்கானிக். எப்போது போனாலும் அந்த வீடு சந்தைக்கடை மாதிரி இருக்கும். ஒன்று அழும், ஒன்று பாடும், ஒன்று அவளுடைய பையின் ஜிப்பைத் திறந்து பார்க்கும்.

அப்படிப்பட்ட வீட்டில் இரண்டு மாதமாகச் சத்தமே இல்லை.

முதல் தடவை அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. மதியம் இரண்டு மணி, சாப்பிட்ட களைப்பில் தூங்குகின்றன என்று நினைத்துக்கொண்டாள். அடுத்த மாதம் போனபோதும் ஆறும் தூங்கிக்கொண்டிருந்தன. கூடத்தில் பாய் விரித்து, ஒரே வரிசையாக, மல்லாந்து, கைகளை ஒட்டி வைத்துக்கொண்டு.

அவளுக்கு மூக்கில் வியர்த்தது. குழந்தைகள் தூங்கினால் இப்படியா தூங்கும்? ஒன்றின் கால் இன்னொன்றின் வயிற்றில் கிடக்கும். வாயோரம் எச்சில் ஒழுகும். தலையணை ஒரு பக்கம், பிள்ளை ஒரு பக்கம் என்று கிடக்கும். இவை அடுக்கி வைத்த மாதிரிக் கிடந்தன.

“எப்ப தூங்கினாங்க?”

“இப்பத்தான் மேடம். சாப்பிட்ட உடனே.” பெரியம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னாள். கையில் இருந்த துணியை முறுக்கிக்கொண்டே இருந்தாள்.

“எல்லாருமேவா?”

“ஆமா மேடம். காலையில செம ஆட்டம்.”

தூங்குகிற குழந்தையைச் சோதனைக்காக எழுப்பக்கூடாது என்று துறையில் ஒரு விதி உண்டு. அவளே எழுதிக்கொடுத்துச் சேர்த்த விதி. அதனால் எழுப்பவில்லை. குனிந்து, கடைசியில் கிடந்த சிறுமியின் பாதத்தை மட்டும் விரலால் தொட்டாள். கால் விரல்கள் லேசாக மடங்கின. கண் திறக்கவில்லை.

சமையலறைக்குப் போனாள். பிரிட்ஜின் கதவில், பால் பாக்கெட்டுக்குப் பின்னால், ஒரு இருமல் மருந்துப் பாட்டில். ‘உறக்கம் வரலாம், வாகனம் ஓட்ட வேண்டாம்’ என்று லேபிளில் பொடி எழுத்து. முக்கால் பாட்டில் இருந்தது.

யாருக்கு இது என்று கேட்க வாய் வரைக்கும் வந்துவிட்டது. கேட்கவில்லை. கேட்டால் என்ன நடக்கும் என்று அவளுக்குத் தெரியும். ஒரு பதில் தயாராக வரும், அடுத்த தடவை பாட்டில் அங்கே இருக்காது. பெரியம்மா கூடத்தில் நின்றிருந்த நேரத்தில், பேனாவால் லேபிளின் ஓரத்தில், மருந்தின் மட்டத்துக்கு நேராக ஒரு சின்னக் கோடு கிழித்தாள். பிரிட்ஜை மூடினாள்.

அன்று இரவுச் சாப்பாட்டின்போது கணவனிடம் மருந்தின் பெயரைச் சொன்னாள். அவன் மருந்துக் கடையில் கவுன்டரில் நிற்பவன்.

“அதுவா? பெரியவங்களுக்கே கண்ண சொருகும். சின்னப் பிள்ளைக்கு டாக்டர் சொல்லாம குடுக்கவே கூடாது. எதுக்குக் கேக்குற?”

“ஆறு குழந்தைங்களுக்குக் குடுத்தா தூங்குமா?”

அவன் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தான். “தூங்கும். ஒண்ணு ரெண்டு எந்திரிக்காமயும் போகும். யாரு குடுக்குறா?”

“தெரியல. தெரிஞ்சுக்கணும்.”

“அந்த அம்மாகிட்டயே கேட்டுட வேண்டியதுதானே?”

“கேட்டா உண்மையச் சொல்லுவாங்களா?”

“நீ என்கிட்ட கேக்குற மாதிரி கேட்டா நானே சொல்ல மாட்டேன்” என்று அவன் சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

சோதனைக்குப் போக வாரத்தில் மூன்று நாள்தான் அவளுக்கு அலுவலக ஜீப் கிடைக்கும். திங்கள், புதன், வியாழன். பெரியம்மா வீட்டுக்கு எப்போதும் புதன் மதியம்தான். இந்தத் தடவை திங்கட்கிழமை காலையிலேயே போவது என்று முடிவு செய்தாள். அன்றைக்கு வேறு ஏதோ ஒரு வீட்டின் மறுசோதனை போட்டிருந்தது. ‘தள்ளிவைக்கவும்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள். யாரிடமும் சொல்லவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் டிரைவரிடம் இடத்தைச் சொன்னாள்.

டிரைவர் ஐம்பத்தைந்து வயதுக்காரர். துறையில் பத்தொன்பது வருடம். அவள் அவரை அண்ணே என்றுதான் கூப்பிடுவாள். பெட்ரோல் போட வண்டியை நிறுத்தியபோது அவர் இறங்கி, கொஞ்சம் தள்ளிப் போய் நின்று போனில் பேசினார். கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். அவள் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

சந்துக்குள் ஜீப் நுழையாது. முனையில், சாவி செய்கிறவரின் பெட்டிக்கடைக்குப் பக்கத்தில் நிறுத்திவிட்டு நடக்க வேண்டும். “வாங்க மேடம்” என்று சாவிக்காரர் எழுந்து நின்று வணக்கம் வைத்தார். எப்போதும் வைப்பார். வளைந்து வளைந்து போகிற சந்தில் பெரியம்மா வீட்டுக்கு மூன்று நிமிட நடை.

மணி பதினொன்று. ஆறு குழந்தைகளும் தூங்கிக்கொண்டிருந்தன.

எந்த ஊரில் எந்தக் குழந்தை காலை பதினோரு மணிக்குத் தூங்கும்? அதுவும் ஆறு, ஒரே நேரத்தில்?

“என்ன இது, இந்த நேரத்துல?”

“இன்னிக்கு சீக்கிரமே எந்திரிச்சுட்டாங்களாம் மேடம்… எல்லாருமே.” பெரியம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நெற்றியில் வியர்வை. வீட்டுக்குள் இருக்கிறவளுக்கு ஏன் மூச்சு வாங்க வேண்டும்?

பிரிட்ஜைத் திறந்தாள். மருந்து, அவள் போட்ட கோட்டுக்கு இரண்டு விரல் கீழே இருந்தது.

அடுத்த வாரம் வியாழக்கிழமை, மாலை நாலரை மணிக்குப் போனாள். அன்றைக்கும் யாருடைய மறுசோதனையோ இருந்தது, அதையும் தள்ளிவைத்தாள். டிரைவரிடம் கடைசித் திருப்பம் வரை இடத்தைச் சொல்லாமல், “நேரா போங்க, இடது பக்கம், இப்ப வலது” என்று கண்ணைக் கட்டி அழைத்துப் போகிற மாதிரி அழைத்துப் போனாள். அவர் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். சந்துக்குள் பத்தடி நடந்து திரும்பிப் பார்த்தாள். டிரைவர் போனைக் காதில் வைத்திருந்தார்.

உள்ளே போனால், அம்மாக்கள் வந்து கூட்டிப்போகிற நேரத்தில், ஆறும் அதே வரிசையில் தூங்கிக்கொண்டிருந்தன. பாட்டிலில் அடியில்தான் கொஞ்சம் மிச்சம்.

அலுவலகத்துக்குத் திரும்பியதும் இரண்டு காகிதங்கள் எழுதினாள். ஒன்று வண்டிப் பிரிவுக்கு. சோதனைக்குப் போகும் இடம் முன்கூட்டியே கசிகிறது, டிரைவர் மேல் சந்தேகம், மாற்றித் தரவும். மறுநாளே அவரைச் சாமான் லாரிக்குப் போட்டுவிட்டார்கள். இன்னொரு காகிதத்தில் ‘குழந்தைகளுக்கு உறக்க மருந்து கொடுக்கப்படுவதாக’ என்று ஆரம்பித்து, அதற்கு மேல் எழுதாமல் மேசைக்குள் வைத்தாள். கையும் களவுமாகப் பிடித்துவிட்டு மிச்சத்தை எழுதலாம் என்று இருந்தாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை விடுப்பு எடுத்தாள். ஜீப் வேண்டாம், டிரைவர் வேண்டாம். பஸ் பிடித்து, பெரியம்மா வீட்டுக்குப் பின்பக்கத் தெருவில் இறங்கினாள். இந்தப் பக்கம் அவள் வந்ததே இல்லை. குப்பைத்தொட்டி, ஒரு வெல்டிங் பட்டறை, அதைத் தாண்டி வரிசையாகப் பின்வாசல்கள். எது பெரியம்மா வீடு என்று எண்ணிப் பார்க்கத் தேவையே இருக்கவில்லை. தூரத்திலிருந்தே சத்தம் கேட்டது.

பின்வாசல் கதவு தகரம். பாதி திறந்திருந்தது. தள்ளினாள்.

சின்ன முற்றம். ஒரு பெண் கொடியில் துண்டு காயப்போட்டுக்கொண்டிருந்தாள். முற்றத்திலும் படியிலும் உள்ளே கூடத்திலுமாகக் குழந்தைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒன்று, இரண்டு என்று அவள் எண்ணினாள். ஒன்பது. துண்டு காயப்போட்டவள் திரும்பினாள். அவளைக் கண்டதும் கையிலிருந்த கிளிப் கீழே விழுந்தது. பார்த்த முகம்தான். பின்தெரு அடுக்குமாடியில் மூன்றாவது தளத்தில் காப்பகம் நடத்திவந்தவள். ஜன்னல் கம்பி ஆடுகிறது என்று இரண்டு மாதத்துக்கு முன்னால் பூதக்கண்ணாடிதான் அந்த வீட்டை மூடினாள்.

யாரும் வாய் திறக்கும் முன்னால், படியில் உட்கார்ந்து பிஸ்கட் தின்றுகொண்டிருந்த நாலு வயதுச் சிறுமி அவளுடைய பையைப் பார்த்தாள்.

“ஃபைல் ஆன்ட்டி! ஃபைல் ஆன்ட்டி வந்தாச்சு! எல்லாரும் தூங்குங்க!”

ஒன்பது குழந்தைகளும் நின்ற இடத்திலேயே தொப்பென்று விழுந்தன. ஒன்று படியில் குப்புறப் படுத்தது. ஒன்று மேசைக்கு அடியில் போய்ச் சுருண்டது. இரட்டையர் இருவர் முற்றத்து ஈரத்திலேயே மல்லாந்து கையை ஒட்டி வைத்துக்கொண்டார்கள். கூவிய சிறுமி வாயில் பாதி பிஸ்கட்டோடு கண்ணை இறுக்கி மூடிக்கொண்டாள். மூடிய இமைகள் துடித்துக்கொண்டிருந்தன. மேசைக்கு அடியிலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பி, பாதியில் அமுங்கியது.

உள்ளேயிருந்து பெரியம்மா ஓடி வந்தாள். பூதக்கண்ணாடியைப் பார்த்ததும் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டாள்.

யாரும் தூங்கவில்லை. யாருக்கும் எதுவும் கொடுக்கவில்லை. இது புரிய அவளுக்குச் சில நொடிகள் பிடித்தது. புரிந்ததும் படியில் உட்கார்ந்தாள். மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்த பாரம் இறங்கியது. அது இறங்கிய இடத்தில் உடனே கோபம் வந்து உட்கார்ந்தது.

“எந்திரிங்க கண்ணுங்களா” என்றாள். ஒன்றும் எழுந்திருக்கவில்லை. பெரியம்மா “போதும், எந்திரிங்க” என்ற பிறகுதான் ஒவ்வொன்றாக எழுந்தன.

“பிரிட்ஜுல இருக்கே இருமல் மருந்து, அது யாருக்கு?”

பெரியம்மா விழித்தாள். எதை எதையோ எதிர்பார்த்திருந்தவள் இதை எதிர்பார்க்கவில்லை. “எந்த… அதுவா? எங்க வீட்டுக்காரருக்கு மேடம். ராத்திரி டூட்டி, பனியில நின்னு நின்னு நெஞ்சு சளி.”

சொல்லி வைத்த மாதிரி உள்ளறையிலிருந்து இருமல் வந்தது. சாதாரண இருமல் இல்லை, பழைய பஸ்ஸைக் கிளப்புகிற மாதிரி இருமல். பூதக்கண்ணாடி அதையும் நம்பாமல் எழுந்து போய் எட்டிப் பார்த்தாள். மெக்கானிக் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு பரிதாபமாகப் பார்த்தார். பக்கத்தில் அவர் பெயர் எழுதிய ஆஸ்பத்திரிச் சீட்டு. மருந்தின் பெயர் அதில் இருந்தது.

“இத நீங்க அன்னிக்கே கேட்டிருக்கலாமே மேடம்” என்றாள் பெரியம்மா.

“ஒம்பது குழந்தைங்க இருக்குன்னு நீங்க அன்னிக்கே சொல்லியிருக்கலாமே.”

மூன்றாம் தளத்துப் பெண் குறுக்கிட்டாள்.

“அதிகமா இருக்கற மூணும் என்கிட்ட இருந்ததுங்க மேடம். நீங்க மூடினதும் மத்த மூணு பிள்ளைங்களையும் சொந்தக்காரங்க வீட்டுல விட்டுட்டாங்க. இதுங்களுக்கு யாரும் இல்ல. இந்த ரெட்டைங்களோட அம்மா தையல் கம்பெனியில, லீவு போட்டா வேலை போயிடும். மூணாவது பொண்ணோட அம்மா ஆஸ்பத்திரியில துணி துவைக்கிற பிரிவுல. பக்கத்துல ரொட்டிய வச்சு, டிவிய போட்டுவிட்டு, கதவ வெளிய பூட்டிட்டுப் போயிருக்கா. ரெண்டு நாள். மூணு வயசுப் பிள்ள.”

“மூணாவது நாள் நான்தான் போயித் தூக்கிட்டு வந்தேன்” என்றாள் பெரியம்மா. “இவங்களும் தினமும் வந்து கூடவே இருக்காங்க. ஒம்பது பேருக்கு ரெண்டு ஆளு. நீங்க வந்தா இவங்க அந்த மூணையும் கூட்டிட்டுப் பின்வாசல் வழியா போயிடுவாங்க. மிச்சம் ஆறு பேரும் வாய வச்சுக்கிட்டு சும்மா இருக்காதுங்களே, ரெட்டைங்க எங்கன்னு கேட்டுடும். அதான் தூங்கற வெளையாட்டு.”

“நான் வர்றது யாரு சொல்றா?”

பெரியம்மா தயங்கினாள்.

“டிரைவரா?”

“ஐயோ, அவரு யாருன்னே எனக்குத் தெரியாது மேடம். முனையில சாவிக்காரரு. இதோ, இந்த வாயாடியோட அப்பா.” பிஸ்கட் சிறுமியைக் காட்டினாள். “ஜீப்பப் பாத்ததும் ஒரு மிஸ்டு கால் குடுப்பாரு.”

அவளுக்கு முகம் சுருங்கியது. அதைப் பற்றிப் பிறகு நினைக்கலாம் என்று தள்ளிவைத்தாள். கோபத்தைக் கைவிட இன்னும் மனமில்லை.

“குழந்தைங்களுக்குப் பொய் நடிக்கக் கத்துக்குடுத்திருக்கீங்க. தெரியுதா உங்களுக்கு? நாளைக்கு நெஜமாவே ஒரு பிள்ள மயங்கிக் கெடந்தா நான் எப்படிக் கண்டுபிடிப்பேன்? தூங்கற வெளையாட்டுன்னு நெனச்சுட்டுப் போயிடுவேன்.”

பெரியம்மாவுக்குக் கண் கலங்கியது. “அது தப்புதான் மேடம்” என்றாள். “அத ஒத்துக்கறேன்.”

“உங்க வீட்டையும் நான் ஒண்ணும் சும்மா மூடல” என்று மூன்றாம் தளத்துப் பெண் பக்கம் திரும்பினாள். “அந்த ஜன்னல் கம்பிய என் கையாலயே ஆட்டிப் பாத்தேன்.”

“நீங்க சொன்னது நியாயம்தான் மேடம், நான் இல்லைங்கல. நாலே நாள்ல மாத்திட்டேன். வந்து பாருங்கன்னு மனுவும் குடுத்துட்டேன். ரெண்டு தடவ தேதி வந்துச்சு. ரெண்டு தடவயும் வீட்டத் தொடச்சு வச்சுக்கிட்டு நாள் பூரா உக்காந்திருந்தேன். யாரும் வரல.” போனை எடுத்துக் காட்டினாள். இரண்டு குறுஞ்செய்திகள். மறுசோதனை தள்ளிவைக்கப்பட்டது. மறுசோதனை தள்ளிவைக்கப்பட்டது.

தேதிகளைப் பார்த்தாள். முதலாவது அந்தத் திங்கட்கிழமை. இரண்டாவது அந்த வியாழக்கிழமை.

போனைத் திருப்பிக் கொடுக்க அவளுக்குக் கொஞ்ச நேரமானது. எந்த வீடு என்று பெயரைக்கூடப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தாள். இந்த வீட்டில் எதையோ ஒளிக்கிறார்கள் என்று பிடிப்பதற்காக வந்த இரண்டு நாளும், அந்த வீட்டைத் திறந்துவிட வேண்டிய நாட்கள். திங்கட்கிழமையே அங்கே போயிருந்தால் இங்கே ஒளிக்க ஒன்றுமே இருந்திருக்காது.

“இப்ப என்ன பண்ணப்போறீங்க மேடம்?” பெரியம்மா கேட்டாள். “எழுதத்தானே போறீங்க?”

“வாங்க, ஜன்னலக் காட்டுங்க” என்றாள் மூன்றாம் தளத்துப் பெண்ணிடம்.

விடுப்பு நாளில் பார்த்தது கணக்கில் வராது என்று அவளுக்குத் தெரியும். இருந்தாலும் மூன்று மாடி ஏறிப் போனாள். புதுக் கம்பி, நான்கு மூலையிலும் சுவருக்குள் இறங்கிய போல்ட். இரண்டு கையாலும் பிடித்துத் தன் முழு எடையையும் கொடுத்துத் தொங்கிப் பார்த்தாள். அசையவில்லை. அந்தப் பெண் வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் ஆறு சின்னக் கொக்கிகள், ஒவ்வொன்றுக்கும் மேலே ஒரு படம், ஆனை, வாத்து, பந்து. ஒன்றிலும் பை இல்லை.

வீட்டுக்குப் போய்க் கணவனிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவன் கேலி செய்வான் என்று எதிர்பார்த்தாள். அவன் செய்யவில்லை. “மருந்து இல்லைங்கறதே பெரிய விஷயம்” என்று மட்டும் சொன்னான்.

சனி, ஞாயிறு இரண்டு நாளும் யோசித்தாள். பார்க்காத மாதிரி இருந்துவிடலாம். ஆனால் மூன்றாம் தள வீடு திறப்பதற்குள் ஒன்பது குழந்தைகளில் ஒன்றுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? வெந்நீர்ப் பாத்திரம் அவள் கண்முன் வந்து நின்றது. எழுதிவிட்டால் பெரியம்மாவின் உரிமம் போகும், ஒன்பது குழந்தைகளுக்கும் போக்கிடம் இருக்காது. கதவை வெளியே பூட்டிக்கொண்டு போகிற அம்மாக்கள் ஒன்றுக்கு ஒன்பதாவார்கள்.

திங்கட்கிழமை முழுவதையும் எழுதினாள். ஒன்பது குழந்தைகள் இருந்ததை. தூங்கற விளையாட்டை. பிரிட்ஜில் எட்டும் உயரத்தில் மருந்து இருந்ததை. அதற்குக் கீழே, மறுசோதனையை இரண்டு முறை தள்ளிவைத்தது தான்தான் என்பதையும், அதனால்தான் இந்த நிலை நீடித்தது என்பதையும், எந்தத் தேதியில் எதற்காக என்பதையும். கடைசியில், மூன்றாம் தள வீட்டை இந்த வாரமே திறக்க வேண்டும், அதுவரை பெரியம்மா வீட்டின் உரிமத்தில் கைவைக்கக் கூடாது என்று பரிந்துரை.

மேலதிகாரி படித்தார். கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“உங்களப் பத்தி நீங்களே எழுதணுமா? அந்தப் பத்தி இல்லாமலே ரிப்போர்ட் நிக்குமே.”

“நிக்காது சார். அது இல்லாட்டி அந்தம்மா சும்மா விதிய மீறின மாதிரி ஆயிடும்.”

“மெமோ வரும்.”

“வரட்டும் சார்.”

“லீவு நாள்ல தனியா பஸ் ஏறிப் போயி வேவு பாத்திருக்கீங்க. அதுக்கும் கேப்பாங்க.”

“அதுக்கும் சேத்தே எழுதியிருக்கேன்.”

மெமோ வந்தது. சம்பள உயர்வு ஒரு வருடம் தள்ளிப்போனது. பெரியம்மாவுக்கு எச்சரிக்கை நோட்டீஸ். ஆறு மாதத்துக்கு வாரம் ஒரு சோதனை, ஆனால் உரிமம் தப்பியது. மூன்றாம் தள வீட்டை அந்த வியாழக்கிழமையே வேறொரு அலுவலர் போய்ப் பார்த்துத் திறந்துவிட்டார். அந்தக் கூட்டமைப்பை அவளிடமிருந்து எடுத்து அவரிடமே கொடுத்துவிட்டார்கள். கடைசியாகக் கோப்புகளை ஒப்படைக்கப் போனபோது பெரியம்மா வாசலிலேயே நின்று கையெழுத்துப் போட்டாள். உள்ளே வாங்க என்று சொல்லவில்லை. சிரிக்கவும் இல்லை. அந்த முகத்தை அவள் நம்பினாள்.

மிச்சமிருந்தது டிரைவர். வண்டிப் பிரிவுக்குக் கொடுத்த புகாரைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் என்று எழுதிக் கொடுத்தாயிற்று. ஆனால் அதற்குள் பணிப்பட்டியல் போட்டுவிட்டார்கள், அடுத்த மாதம்தான் மாற்ற முடியும் என்றார்கள். எழுதிக் கொடுத்ததோடு விட்டுவிட்டால் என்ன என்று ஒரு நாள் முழுக்க நினைத்தாள். மறுநாள் சாப்பாட்டு நேரத்தில் லாரிக் கொட்டகைக்கு நடந்து போனாள்.

அவர் லாரியின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். பார்த்ததும் இறங்கினார். “சொல்லுங்க மேடம்.”

முன்பெல்லாம் அம்மா என்பார்.

“அண்ணே, அன்னிக்கு நீங்க போன்ல பேசிட்டிருந்தீங்கல்ல. பெட்ரோல் பங்குல. அப்புறம் சந்து முனையில.”

“ஆமா. குழாய்க்காரன்கூட. வீட்டுல ஒரு வாரமா தண்ணி ஒழுகுது, இன்னிக்கு வரேன் நாளைக்கு வரேன்னு இழுத்தடிச்சான்.”

“நான் வேற மாதிரி நெனச்சுட்டேன்.”

“தெரியும் மேடம். காகிதத்தப் படிச்சுக் காட்டுனாங்க.” துணியை உதறி மடித்தார். “பத்தொம்பது வருஷத்துல எத்தன ரெய்டுக்குப் போயிருக்கேன். பொண்டாட்டிகிட்டகூட எந்த ஊருன்னு சொன்னதில்ல. வண்டியிலயே பின்னால உக்காந்திருந்தீங்களே. யாருகிட்ட பேசுறீங்கண்ணேன்னு ஒரு வார்த்த கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்.”

“தப்பு என் மேலதாண்ணே.”

அவர் லாரியைச் சுற்றிப் போய் மறுபக்கக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். அவள் போவதா நிற்பதா என்று தெரியாமல் நின்றாள். கொஞ்ச நேரம் கழித்து அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

“ஜீப்ப இப்ப யாரு ஓட்டுறா?”

“புது ஆளுண்ணே.”

“மேட்டுல ஏறும்போது கிளட்ச்சுலயே காலு வச்சுக்கிட்டு ஓட்டுறானா?”

“கவனிக்கலண்ணே.”

“வச்சுக்கிட்டுத்தான் ஓட்டுவான்” என்றார் டிரைவர். “நீங்க கவனிங்க.”